சாவா மூவாப் பேராடு

அனைவருக்கும் வணக்கம்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்று உண்டு. கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்று எரிக்க இன்னார் 96 ஆடு கொடுத்தார் என்று இருக்கும். சில இடங்களில் 90. ஆடுகளை இடையர்கள் வாங்கிக்கொண்டு, விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு (பழைய முகத்தல் அளவு) நெய் அளக்க வேண்டும். கிழ ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், கணக்கு குறையாது. 'சாவா மூவாப் பேராடு' என்று அதற்கு அழகாகப் பெயர் வைத்தார்கள். பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு நன்கொடையாக நான் உங்களிடம் கேட்பது அந்த ஆடுகளைத்தான்.

கணித மேதை ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்வில் தேறாதவர், கையில் நோட்டுப்புத்தகம் மட்டும். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் தன் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்துச் சென்னையில் தங்கவைத்தார். அப்புறம் 1912-ல் துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாத ஆளுக்கு! மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தரவேண்டும், அவ்வளவுதான். இதனால் என்ன லாபம் என்று ராவ் கேட்டிருந்தால், பதில் சொல்ல ராமானுஜனாலேயே முடிந்திருக்காது. ராவ் வாங்கிக் கொடுத்தது நேரம். ஒரு மனிதன் சோற்றுக்கு அலையாமல் உட்கார்ந்து யோசிக்கும் நேரம்.

அந்த ராமானுஜன் பெயரில் 1950-ல் இதே சென்னையில் கணித நிறுவனம் தொடங்கியவர் அழகப்பச் செட்டியார். அவர் 1957-ல் காலமானதும் அதை நடத்தப் பணமில்லாமல் போனது. பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டதால் பிழைத்தது. அத்தனை பெரிய வள்ளல் தொடங்கியதற்கே அந்த நிலை. அதனால்தான் முதல் பணத்தைத் தொடாமல் வட்டியில் நடக்கும்படி வைப்பு நிதியாகக் கொடுங்கள் என்கிறேன்.

அரசாங்கம் கொடுக்கிறதே என்பீர்கள். கொடுக்கிறது, அது இல்லாமல் எதுவும் நடக்காது. ஆனால் ப்ராஜெக்ட் மூன்று வருடம். கருவி வாங்கலாம். காலம் முடிந்தபின் அதன் ஏ.எம்.சி.க்கு, அதாவது வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு, யார் பணம் கட்டுவது?

2016 டிசம்பர் 12, வர்தா புயல். அப்போது நான் வேலை பார்த்த கல்லூரியில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஒன்று இருந்தது. உள்ளே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலச் சேற்றிலிருந்து ஒரு மாணவி மூன்று வருடமாகச் சேர்த்த பாக்டீரியாக்கள். கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் பழுதாகி எட்டு மாதமாகியிருந்தது. ரிப்பேருக்குக் கேட்ட பணம் வரவில்லை. அந்தப் பெண் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி, காசிமேட்டிலிருந்து மீன் பெட்டியில் ஐஸ் கட்டி கொண்டுவந்தாள். மைனஸ் 80-க்கு ஐஸ் கட்டி எந்த மூலைக்கு? மூன்றாம் நாள் கதவைத் திறந்தோம். குப்பிகள் எல்லாம் உருகித் தண்ணீராக இருந்தன. அவள் அழவில்லை. ஒவ்வொரு லேபிளாகப் படித்து நோட்டில் அடித்துக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

புதுக் கட்டடம் கட்டித் தரலாமா என்று உங்களில் சிலர் காலையில் கேட்டீர்கள். நல்ல மனசு. ஆனால் கட்டடம் இருக்கிறது. ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு ஐந்து வருடச் சோறும் வாடகையும், ஒரு ஃப்ரீசருக்கு டீசலும் மெக்கானிக்கும், இவை வருடா வருடம் வரும்படி ஒரு நிதி வையுங்கள். சாப்பாட்டுக்கு முன் இரண்டாவது மாடிக்கு வாருங்கள். சேமிப்பு அறையைத் திறந்து வைத்திருக்கிறோம், மாணவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.