ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு: ‘டேக் இட் ஈஸி’ பாட்டும் அதை எழுதிய இருவரும்

மன்றத் தலைவர் ஐயா அவர்களே, நேரம் குறைவு என்று மேடை ஏறும் முன்பே எச்சரித்துவிட்ட செயலாளர் அவர்களே, கூடம் தந்து உதவிய நூலகர் அம்மா அவர்களே, மாணவர்களோடு வந்திருக்கும் இசைப்பள்ளி முதல்வர் அவர்களே, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, ஒலிபெருக்கி கீச்சிடாமல் பார்த்துக்கொள்ளும் நண்பரே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த தலைவருக்குத் தனி நன்றி. நூலக அலுவலர் ஐயா வழியில் இருக்கிறாராம். வந்ததும் பேச்சை நிறுத்தி வரவேற்போம்.

‘டேக் இட் ஈஸி’ என்றதும் பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. நீங்கள் நினைப்பது ‘காதலன்’ படத்து ஊர்வசி பாட்டு. 1994ல் வந்தது, எழுதியவர் வைரமுத்து. இன்றைய பாட்டு 1972ல் வந்தது. ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் முதல் இசைத்தட்டு. எழுதியவர்கள் ஜாக்சன் பிரவுன், கிளென் ஃப்ரே. ஃப்ரே அந்தக் குழுவில் ஒருவர், பிரவுன் குழுவுக்கு வெளியே இருந்த நண்பர். இந்த இரண்டு பெயர்களையும் இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். பாட்டு பிறந்த கதை ஒன்று. லண்டனில் அது பதிவான விதம் இரண்டு. அமெரிக்க நாட்டுப்புறப் பாணியும் ராக் இசையும் கலந்த கன்ட்ரி ராக் என்ற வகை எங்கிருந்து கிளம்பியது என்பது மூன்று.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எக்கோ பார்க் என்றொரு பகுதி. அங்கே ஒரு குடியிருப்பில் கிளென் ஃப்ரேயும் ஜே. டி. சௌதர் என்ற இன்னொரு பாட்டுக்காரரும் ஒன்றாகக் குடியிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே ஓர் ஒற்றை அறையில் ஜாக்சன் பிரவுன். 1948 அக்டோபர் 9ல் பிறந்தவர் பிரவுன், நவம்பர் 6ல் பிறந்தவர் ஃப்ரே. கீழ்வீட்டுக்காரர் இருபத்தெட்டு நாள் அண்ணன்.

காலையில் கீழே தேநீர்க் கெட்டில் விசில் அடிக்கும். அடுத்து பியானோ. முதல் சரணம், பல்லவி. மறுபடி முதல் சரணம், பல்லவி. ஒரு சொல் மாறும், மறுபடி முதலிலிருந்து. இருபது தடவை! மேலே படுத்திருக்கும் ஃப்ரேக்குத் தரை வழியாக எல்லாம் கேட்கும். திடீரென்று நிசப்தம். மறுபடி கெட்டில் விசில். பத்து இருபது நிமிடம் சத்தமே இருக்காது. பிறகு பியானோ, இப்போது இரண்டாம் சரணம். அதற்கும் இருபது தடவை. பாட்டு எழுதுவது இப்படித்தானா, அருள் வந்து ஆடுவது இல்லையா, உட்கார்ந்து தேய்க்கிற வேலையா என்று அந்தப் படுக்கையில்தான் தனக்கு விளங்கியது என ஃப்ரே பின்னாளில் ஆவணப்படத்தில் சொல்லியிருக்கிறார். கட்டணம் கட்டாமல் படித்த பள்ளிக்கூடம்! தேநீர் கூட கீழ்வீட்டுக்காரர் செலவு. அதனால்தான் சொல்கிறேன், ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. பிரவுன் சொல்லை அளந்துதான் போட்டார்.

அப்படிப்பட்டவரே ஒரு பாட்டில் முட்டிக்கொண்டு நின்றார். முதல் சரணத்தில் கணக்கு சுத்தம்: மனதில் ஏழு பெண்கள், சொந்தம் கொண்டாட நினைப்பவர்கள் நால்வர், கல்லால் அடிக்க நினைப்பவர்கள் இருவர், தோழி என்று சொல்லிக்கொள்பவள் ஒருத்தி. நாலும் இரண்டும் ஒன்றும் ஏழு. இரண்டாம் சரணத்தில் நாயகன் அரிசோனா மாநிலத்தின் வின்ஸ்லோ ஊரில் ஒரு தெருமுனையில் வந்து நிற்கிறான். நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான். மேலே போகவில்லை. பிரவுன் பயணம் போனபோது கார் பழுதாகி நின்ற ஊர் அது.

ஃப்ரேக்குப் பாட்டு பிடித்துப்போயிற்று. முடித்தாயா, முடித்தாயா என்று விடாமல் கேட்டார். கடைசியில் பிரவுன், நீயே முடித்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். ஃப்ரே அந்தத் தெருமுனையில் ஒரு ஃபோர்டு வண்டியைக் கொண்டுவந்தார். பின்னால் சுவரில்லாத பலகைத் தளம் உள்ள வண்டி. ஓட்டுகிறவள் ஒரு பெண். இவனைப் பார்க்க வேகத்தைக் குறைக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் ‘லார்டு’, ‘ஃபோர்டு’ என்று ஒரே வரிக்குள் இயைபு விழுகிறது. அதுவரை தன் பாரத்தைப் பற்றியே புலம்பியவனை இன்னொருவர் திரும்பிப் பார்க்கிறார். பாட்டின் திருப்பமே அதுதான். இருபது தடவை தேய்த்தவருக்குக் கிடைக்காதது, மாடியிலிருந்து கேட்டவருக்குக் கிடைத்தது.

அலுவலர் ஐயா வந்துவிட்டார்கள். வாருங்கள் ஐயா, வணக்கம். தம்பி, அந்த நாற்காலியை முன்னால் போடுங்கள். ஐயா வந்ததில் கூட்டத்துக்கே பெருமை. ஐயாவுக்காகச் சுருக்கமாக: பாட்டின் பெயர் ‘டேக் இட் ஈஸி’, எழுதியவர்கள் ஜாக்சன் பிரவுன், கிளென் ஃப்ரே.

இரண்டாவது செய்தி. 1972 தொடக்கத்தில் லண்டன் ஒலிம்பிக் ஒலிப்பதிவுக் கூடம். தயாரிப்பாளர் கிளின் ஜான்ஸ். பாடியவர் ஃப்ரே. டிரம்ஸ் டான் ஹென்லி, பேஸ் ராண்டி மைஸ்னர், கிட்டாரும், பாஞ்சோ என்ற தந்திக் கருவியும் பெர்னி லெடன். பாஞ்சோவை இரட்டிப்பு வேகத்தில் ஓடவிடச் சொன்னவர் ஜான்ஸ். நம் கச்சேரிக்காரர்கள் இரண்டாம் காலம் என்பார்களே, அதேதான். தாளம் நிதானமாகச் சாலையில் போகும், அடியில் சக்கரம் மட்டும் சுழலும். முன்வரிசைத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: பாஞ்சோவை முன்னே தள்ளாதீர்கள், பதிவில் அது பின்னணியில்தான் இருக்கிறது. தொடக்கத்து ஜி கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் அந்தச் சுரக்கூட்டை, அடித்துவிட்டு முழங்க விடுங்கள், கையால் அமுக்காதீர்கள். சரணம் ஜி, டி, சி மூன்றிலேயே ஓடிவிடும். பல்லவி ஈ மைனரில் இறங்குகிறது. பழக்கதோஷத்தில் ஜி பிடித்தால் அந்த இறக்கமே காணாமல் போகும். முடிவும் ஈ மைனர்தான். ஆற அமர இரு என்று சொல்லிவிட்டு முழு நிம்மதி தராமல் நிற்கிறது.

மே மாதம் அசைலம் நிறுவனம் வெளியிட்டது. பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 12ஆம் இடம் வரை ஏறியது. மறு ஆண்டு பிரவுனும் தன் இரண்டாவது ஆல்பத்தில் முதல் பாட்டாக அதைப் பாடினார். ஃப்ரே முடித்த விதத்தை மனதாரப் பாராட்டினார். சண்டை இல்லை, வழக்கு இல்லை. ஏன்? இசைத்தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாளில் இரண்டு பேர் பெயரும் இருந்தன.

இப்போது காசுக்கு வருவோம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி இசைத்தட்டு ஒன்றுக்கு, பாட்டு ஒன்றுக்கு 2 சென்ட். 1909ல் வைத்த விகிதம், 1978 வரை அதேதான். ஒரு கணக்குக்காக, லட்சம் தட்டு விற்றால் 2,000 டாலர். வழக்கப்படி பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பாளருக்குப் பாதி போனால், இருவர் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 500. தட்டின் மறுபக்கப் பாட்டுக்கும் அதே 2 சென்ட் உண்டு, யாரும் கேட்காவிட்டாலும். வானொலியில் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் ஒரு வானொலி நிலையம் பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் தொகை உண்டு. பாடியவருக்கும் பாஞ்சோ வாசித்தவருக்கும் சட்டப்படி கிடையாது. இன்றுவரை!

ஆகவே அரைப்பாட்டை நண்பரிடம் கொடுப்பவர்களே, ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுங்கள். பாட்டு முடிந்த அன்றே ஒரு தாள் எழுதுங்கள். தேதி, பாட்டின் பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி ஒவ்வொருவர் பெயர், யார் வரி, யார் மெட்டு, எத்தனை விழுக்காடு, கையெழுத்து. புனைபெயரை மட்டும் எழுதினால் தொகை பட்டுவாடா ஆகும்போது ஆள் யாரென்று தெரியாது. மூவர் சேர்ந்தால் 33, 33, 33 என்று போட்டுவிடுகிறார்கள். கூட்டிப் பாருங்கள், 99. ஒரு விழுக்காடு ஆற்றோடு போயிற்று. தாளே இல்லையென்றால் அமெரிக்கச் சட்டம் கூட்டுப்படைப்பைச் சமபங்கு என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒரே வரி எழுதியவரும் பாதி கேட்கலாம். நம் நாட்டில் 2012ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். திரையரங்குக்கு வெளியே படப்பாட்டு ஒலிப்பதால் வரும் உரிமைத்தொகையில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. சட்டம் வந்துவிட்டது. மெல்லிசை மேடையில் மட்டும் இன்னும் நடிகர் பெயர், பாடகர் பெயர், அதோடு சரி. எழுதியவர் பெயரைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? மூன்று.

வின்ஸ்லோ ஊரைப் பாருங்கள். 66ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மாற்றாக 40ஆம் எண் நெடுஞ்சாலை ஊரை ஒதுக்கிப் போனதும் தெரு வெறிச்சோடியது. 1999ல் அந்தத் தெருமுனையைப் பூங்காவாக்கினார்கள். கிட்டாரோடு ஒரு வெண்கல ஆள். பின்சுவரில் வரைந்த ஜன்னல் கண்ணாடியில் ஃபோர்டு வண்டி பிரதிபலிப்பது போல ஓவியம். தெருவோரம் நிஜமாகவே ஒரு சிவப்பு ஃபோர்டு. 2016 ஜனவரியில் ஃப்ரே மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவருக்கும் அங்கே சிலை. வண்டியை அந்தத் தெருவுக்கு ஓட்டி வந்தவர் யார் என்று ஊர் மறக்கவில்லை.

மூன்றாவது செய்திக்கு வருவதற்குள் செயலாளர் மணியை எடுத்துவிட்டார். கன்ட்ரி ராக் வரலாற்றை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம், தலைவர் அனுமதித்தால். பங்கீட்டுத் தாள் மாதிரி வாசல் மேசையில் இருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்றியுரைக்கு முன் மூன்றரை நிமிடம் பாட்டு கேட்போம். ‘டேக் இட் ஈஸி’. எழுதியவர்கள் ஜாக்சன் பிரவுன், கிளென் ஃப்ரே. தம்பி, போடுங்கள்.