வானத்தைப் பார்த்துக் கட்டிய வீடு

நண்பர்களே, பாலைவனத்தில் வீடு கட்டுகிறவர் எந்தப் பக்கம் சன்னல் வைப்பார்? நாலு பக்கமும் மணலும் அனல்காற்றும்தான். எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி (1900–1989) வானத்தைப் பார்த்துத் திறந்தார். பாலைவன அரேபியருக்கு இயற்கை கனிவு காட்டும் இடம் வானம்தான் என்பது அவர் எண்ணம். அதனால் தெருப்பக்கம் மூடிய சுவர், நடுவில் திறந்த முற்றம். முற்றத்தின் நாலு பக்கமும் வானம் என்ற குவிமாடத்தைத் தாங்கி நிற்பதாக அவர் கண்டார்.

கேட்கக் கவிதை மாதிரி இருக்கும். ஆனால் இதில் கணக்கும் சரியாக இருக்கிறது. மேகமில்லாத இரவில் தரையும் சுவரும் தங்கள் சூட்டை வேகமாக வானத்துக்கு விட்டுவிடுகின்றன. குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கித் தேங்கி, அறைகளுக்குள் பரவுகிறது. மறுநாள் வெயில் ஏறிய பிறகும் வெகுநேரம் அந்தக் குளுமை நிற்கும்.

அப்புறம், அந்த வானத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். நமக்கு அகத்திய நட்சத்திரம், அவர்களுக்கு சுஹைல். ஆகஸ்ட் கடைசியில் விடியலுக்கு முன் அது தெற்கே தலைகாட்டினால், கோடை தணியப் போகிறது என்று அரேபியாவில் மகிழ்வார்கள். பழங்கதை ஒன்றில் சுஹைல், ஜவ்ஸா என்ற பெண்ணை மணக்கிறான். ஓரியன் விண்மீன் கூட்டம்தான் அவள். மணமான இரவே அவள் முதுகெலும்பு முறிந்துவிட, பயந்து தெற்கே ஓடிவிடுகிறான். ஒரு தங்கை பால்வீதியைக் கடந்து அண்ணனைத் தேடிப் போகிறாள், அவள் சிரியஸ். கடக்க முடியாமல் இக்கரையில் நின்ற இன்னொரு தங்கை அழுதழுது கண் மங்கிப் போகிறாள், அவள் புரோசியான். இன்றைக்கும் அவை பால்வீதியின் இரு பக்கங்களில்தான் இருக்கின்றன, புரோசியான் சிரியஸைவிட மங்கல்தான். எழுத்தறியாத ஒட்டகக்காரரும் மனப்பாடமாக வைத்திருக்கக்கூடிய விண்மீன் வரைபடம் இது. இப்படிப்பட்ட வானத்தை யார்தான் கூரை போட்டு மறைப்பார்கள்?

ஃபாத்தி எல்லாவற்றிலும் வென்றார் என்று சொல்ல மாட்டேன். 1940களில் லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் பழைய கல்லறைகளின் மேல் குடியிருந்த மக்களைக் குடியேற்ற, புதிய குர்னா கிராமத்தை மண்செங்கல்லால் எழுப்பினார். சாரம் முட்டுக் கொடுக்காமலே வளைகூரை கட்டத் தெரிந்த, தெற்கு எகிப்தின் நூபியக் கொத்தனார்களை அதற்கு அழைத்து வந்தார். ஆனால் அந்த மக்களுக்குப் பிழைப்பே பழைய கல்லறைகளை ஒட்டித்தான். பெரும்பாலோர் வர மறுத்துவிட்டார்கள். அவர் வானமாகக் கண்ட குவிமாடமும் அந்த வட்டாரத்தில் கல்லறையையும் மகான்களின் அடக்கத்தலத்தையும் நினைவூட்டியது. இதை அவர் முன்பே கேட்டறிந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஆனாலும் விடவில்லை. கார்கா பாலைவனச் சோலையில் புதிய பாரிஸ் (Baris; பிரான்ஸின் பாரிஸ் அல்ல) என்ற ஊரைத் தொடங்கினார். அங்கே சந்தைக்குக் காய்கறி கெடாமலிருக்க, காற்றைப் பிடித்து நிலவறைக்கு இறக்கும் கோபுரங்களை எழுப்பினார். 1967இல் இஸ்ரேலுடன் போர் வந்தது, வேலை பாதியில் நின்றது. கோபுரங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன.