90 ரூபாய் நாணயத்திடம் தோற்ற 1000 ரூபாய் நாணயம்! எந்த நினைவு நாணயம் வாங்கலாம்?

[திரையில்: இரண்டு வெள்ளி நாணயங்கள்]

வணக்கம் நண்பர்களே! இடது பக்கம் 1000 ரூபாய் நாணயம். வலது பக்கம் 90 ரூபாய் நாணயம். எதில் வெள்ளி அதிகம்? வீடியோவை நிறுத்தி யோசித்துவிட்டு வாருங்கள்.

90 ரூபாயில்தான்!

வரலாற்றை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: 1964-இல் நேரு மறைந்த பிறகு அவர் முகத்தோடு வந்ததுதான் சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம்.

சரி, வெள்ளிக்கு வருவோம். இந்த 1000 ரூபாய், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்தது. எடை 35 கிராம். அதில் 80 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. ஆக 28 கிராம் வெள்ளி, அதாவது மூன்றரை சவரன் எடை. 90 ரூபாய், ரிசர்வ் வங்கியின் 90 ஆண்டு நிறைவுக்காக 2024 ஏப்ரல் 1-இல் வெளியானது. 40 கிராமும் சுத்த வெள்ளி. முழுசாக ஐந்து சவரன் எடை!

அப்போ பல வருடமாக வந்த 100 ரூபாய் நாணயங்கள்? எடை அதே 35 கிராம்தான், ஆனால் வெள்ளி பாதி. மீதி 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. கூட்டிக் கழித்தால் பதினேழரை கிராம். முகமதிப்பு, அதாவது காசில் எழுதியிருக்கும் எண், பல நேரம் விழாவின் வயதுதான். குரு நானக்கின் 550-ஆவது பிறந்தநாளுக்கு 550 ரூபாய்! இதை டீக்கடையில் நீட்டினால் மாஸ்டர் உங்களைத்தான் மேலும் கீழும் பார்ப்பார். அதனால் எண்ணை விடுங்கள், நாணயத்தோடு வரும் அட்டையில் போட்டிருக்கும் உலோக விவரத்தைப் படியுங்கள்.

[திரையில்: 5 ரூபாய் நாணயம், நெருக்கத்தில்]

பட்ஜெட் இல்லையா? என்னைக் கேட்டால், சுவாரசியமே சில்லறையில்தான். 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு, அப்புறம் தமிழ்க் கையெழுத்தோடு வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய். வாங்கும்போது ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். குட்டியாக ஒரு வைரக் குறி இருந்தால் அது அச்சான இடம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே காசை இப்படி நாணயச்சாலை வாரியாகச் சேர்ப்பது தனி போதை! புழங்காத, பளபளப்பு போகாத காசாக எடுங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். காசு மின்னும், சேகரிப்பவர் தொடமாட்டார்.

வைஷ்ணோ தேவி உருவம் போட்ட காசைப் பத்து லட்சத்துக்கு விற்கலாம் என்கிறார்களே, உண்மையா? கிடையாது. கைக்குக் கை புழங்கிய காசு அது. 'ரிசர்வ் வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் பழைய காசை விற்றுத் தர கமிஷன் கட்டுங்கள்' என்று யாராவது கேட்டால் போனை வையுங்கள். இந்த மோசடி பற்றி 2021-இலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்துவிட்டது.

இப்போதே உண்டியலைக் கவிழ்த்துப் பாருங்கள். வள்ளுவர் கிடைத்தால், வைரமா நட்சத்திரமா என்று கமென்டில் போடுங்கள்.