கொடியோடு சேர்ந்து போக வேண்டியது

நண்பர்களே, இன்று ஒரு துணியைப் பற்றிப் பேசப்போகிறேன். இரண்டாம் உலகப்போருக்குப் புறப்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களில் பலர் அதைச் சட்டைக்குள் மடித்து வைத்திருந்தார்கள். வெள்ளைப் பட்டு அல்லது பருத்தி, நடுவில் சிவப்பு வட்டம்; ஜப்பானின் தேசியக் கொடிதான். வட்டத்தைச் சுற்றிலும் கதிர் விரிந்ததுபோல் கையெழுத்துகள்: அப்பா, தம்பி, கூடப் படித்தவன், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்த முதலாளி. யோசெகாகி ஹினோமாரு என்பார்கள். ஊரே கூடி வழியனுப்பி வைத்ததற்கு அது அத்தாட்சி.

பசிபிக் தீவுகளில் அவர்கள் விழுந்த இடத்தில் அமெரிக்க வீரர்கள் இந்தக் கொடிகளை எடுத்துக்கொண்டார்கள். கனமில்லை, பைக்குள் அடங்கும், ஜெயித்ததற்குக் கையில் ஒரு சான்று. ஊருக்குப் போனதும் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் வீட்டை ஒழிக்கும்போது அவை வெளியே வருகின்றன. சிலர் ஏலத்துக்கு விடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதைப் பற்றி மேலே பேசப்போவதில்லை.

எதிர்ப்பக்கம் என்ன நிலைமை? அந்தப் போரில் தாய்நாட்டுக்கு வெளியே இறந்த ஜப்பானியர்கள் சுமார் 24 லட்சம் பேர். அவர்களில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகூட இன்றுவரை ஊர் வந்து சேரவில்லை. அஸ்தி என்று சொல்லி வந்த மரப்பெட்டியைத் திறந்தால் உள்ளே சில கற்கள். இப்படி எத்தனையோ வீடுகள்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து அஸ்டோரியாவில், ஓபோன் சொசைட்டி என்று ஓர் அமைப்பு 2009லிருந்து இந்தக் கொடிகளின் குடும்பங்களைத் தேடித் திருப்பிக் கொடுத்துவருகிறது. தேடுவது லேசான காரியம் இல்லை. கொடியில் இருப்பது பழைய தூரிகை எழுத்து; அதைப் படிக்கவே பழகிய கண் வேண்டும். முகவரி பெரும்பாலும் இருக்காது. சிப்பாயின் பெயர் ஓர் ஓரத்தில் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஏதாவது கோயில் முத்திரை கிடைக்கும். அப்புறம், ஒரே வட்டாரத்தில் மட்டும் வழங்கும் குடும்பப் பெயர்கள் கொடியில் நிறைய இருந்தால் ஊரைப் பிடித்துவிடலாம்.

அப்படிப் பிடிபட்ட ஒன்று கிஃபு மாகாணத்தின் ஹிகாஷிஷிரகாவா கிராமம். 1944இல் பசிபிக்கின் மரியானா தீவுகளில் ஒன்றான சைபனில் எடுத்த ஒரு கொடியில் ஏறக்குறைய 180 கையெழுத்துகள் இருந்தன. எடுத்தவர் அமெரிக்க மரைன் வீரர். 2017 ஆகஸ்டில், தம்முடைய 93ஆவது வயதில், அவரே அந்தக் கிராமத்துக்குப் போய் இறந்தவரின் தம்பி, தங்கைகளிடம் கொடியைக் கொடுத்தார். தம்பிக்கு அப்போதே 89 வயது. அந்தக் குடும்பத்துக்கும் போர்க்காலத்தில் வந்தது கல் வைத்த பெட்டிதான். மரியானா தீவுகளில் எங்கோ இறந்தார் என்பதைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

வந்தவர் ஒரு விவரமும் கொண்டுவந்தார். உடல் இன்ன இடத்தில், ஒருக்களித்துத் தூங்குவதுபோல் கிடந்தது, பெரிய காயம் எதுவும் தெரியவில்லை என்று சொன்னார். என்னைக் கேட்டால் கொடியைவிடப் பெரிது அந்த விவரம்தான். அண்ணன் எங்கே கிடந்தான், எப்படிக் கிடந்தான் என்று எந்த அரசாங்கக் கடிதமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எடுத்தவனால் மட்டும்தான் சொல்ல முடிந்தது.

சரி, எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டுமா? அதே போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் உடைமைகளை வீட்டுக்கு அனுப்ப, மிசௌரியின் கான்சஸ் நகரில் ராணுவம் ஓர் அலுவலகம் வைத்திருந்தது. அங்கே ஹெல்மெட்டில் ஏறிய துருவையும் ரத்தத்தையும் பல் மருத்துவர் வைத்திருக்கும் துளைக்கருவி கொண்டு சுரண்டி எடுத்தார்கள். துணிகளைக் கறை போகத் துவைத்தார்கள். பையில் வேறொரு பெண்ணின் கடிதம் இருந்தால் அதை மனைவி கண்ணில் படாமல் எடுத்துவிட்டார்கள். கடித விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்தி வந்த சில மாதங்களில் ஒரு பெண் அதையும் தாங்க வேண்டுமா? ஆனால் எழுபது, எண்பது வருஷம் கழித்துப் போகும் பொருளின் கணக்கு வேறு. அந்தக் குடும்பம் அழுது முடித்துவிட்டது. இப்போது அவர்களுக்கு வேண்டியது தகவல்.

அதனால் அப்படி ஒரு கொடி யார் கைக்காவது வந்தால், தயவுசெய்து துவைக்க வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். கறை கறையாகவே இருக்கட்டும். தாத்தா எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எந்தத் தீவு, எந்த மாதம் என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கூடவே வைக்கவேண்டும். கேட்டது கொஞ்சம், ஊகித்தது கொஞ்சம் என்றால் இரண்டையும் பிரித்து எழுதவேண்டும். 'இதைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை' என்பதுகூட எழுதத் தக்க தகவல்தான்.

இன்னொன்று. பெறுகிறவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். எண்பது வருஷத்துப் புண்ணைத் திறக்க எல்லோருக்கும் விருப்பம் இருக்காது. முதலில் இடையில் ஒருவர் மூலம் விசாரித்து, அவர்கள் சம்மதித்த பிறகு அனுப்புவதே முறை. கொடி மட்டும் போதும், கதை வேண்டாம் என்றாலும் சரி, அந்தத் தாளை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டிக் கூடவே வைத்துவிடலாம். பிரிப்பதும் பிரிக்காததும் அவர்கள் பாடு.