முப்பது ரூபாய் கையுறையும் தனுஷ்கோடி வலையும்

வணக்கம் மக்களே. பின்னால் கோயில் ரேடியோ ஓடுகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல மொட்டை மாடிதான். போன வீடியோவில் "சனிக்கிழமை ஒரு இடத்துக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன் இல்லையா? தனுஷ்கோடிதான். கடற்கரையில் குப்பை பொறுக்கப் போனேன். செப்டம்பர் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை உலகம் முழுக்கக் கடற்கரைகளைச் சுத்தம் செய்வார்கள். அதற்கு ஆள் தேவை என்று ஒரு குழுவில் சொன்னார்கள், பேர் கொடுத்துவிட்டேன்.

முதலில் கையுறை. இதைப் பேசாமல் மேலே போக மாட்டேன். "கையுறை கொண்டு வாருங்கள்" என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் மதுரை கீழமாசி வீதியில் ஒரு கடையில் துணிக் கையுறை ஜோடி 35 ரூபாய். ஆறு ஜோடி எடுத்தால் 30 என்றார் கடைக்காரர். எனக்குத் தேவை ஒன்று. நான் எடுத்தது ஆறு. உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. பக்கத்திலேயே உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறை 70 ரூபாய்க்குத் தொங்கியது. "எதற்கு அநியாயமாக" என்று திரும்பிப் பார்க்காமல் வந்தேன். கடற்கரையில் இறங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, துணி நனைந்து, உள்ளே மணல் புகுந்து, விரல் இடுக்கெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. 180 ரூபாய், மக்களே! நீங்கள் போனால் ரப்பர் பூசியதை ஒரே ஒரு ஜோடி வாங்குங்கள். மீதி ஐந்து ஜோடியை அம்மா அடுப்படியில் பாத்திரம் இறக்க எடுத்துக்கொண்டார்கள்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நள்ளிரவு தாண்டி பஸ் ஏறி, விடிவதற்குள் ராமேஸ்வரம். அங்கே ஒரு டீ, பத்துக்கு நான்கு மார்க், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை. அங்கிருந்து குழுவோடு வேனில் தனுஷ்கோடி. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல். அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல் என்றும், சீறுவதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் இறங்கியது சீறுகிற பக்கம், மன்னார் வளைகுடா. காற்று மணலை அள்ளிக் கன்னத்தில் அறைந்தது. அங்கே எடுத்த கிளிப்பில் என் குரலே கேட்காது, அதனால்தான் இப்போது உட்கார்ந்து சொல்கிறேன்.

பிளாஸ்டிக் பாட்டிலும் டீ கப்பும் இருக்கும் என்று தெரிந்துதான் போனேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்து நம் மாநிலத்தில் தடை, ஆனாலும் கிடக்கிறது. நான் எதிர்பார்க்காதது துணி. குளித்துவிட்டு வேட்டி, சேலையைக் கடலில் விட்டுவிடுகிறோமே, அது எங்கே போகும்? பாதி கரையிலேயே மணலுக்குள் புதைந்து கிடக்கிறது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது. நனைந்த வேட்டி அவ்வளவு கனம் கனக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் பாட்டி காரியத்துக்குப் போனபோது நாங்களும் விட்டோம், மறைக்கவில்லை.

சரி, வலை. தங்கூசி வலை, மீன்காரர்கள் சொல்கிற அந்த மெல்லிய நைலான். அறுந்துபோன ஒன்று மணலில் கால்வாசி வெளியே, முக்கால்வாசி உள்ளே. நாலு பேர் இழுத்தும் அசையவில்லை. கத்தரிக்கோல் வழுக்கியது. அப்போது படகு ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன், "தம்பி, இழுத்தால் இறுகும், அறுத்து அறுத்து எடு" என்று கருக்கருவாளை நீட்டினார். ஒரு பக்கத்திலிருந்து சாண் சாணாக அறுத்தோம். உள்ளே ஈயக் குண்டு, அறுந்த கயிறு, நடுவில் உயிரோடு ஒரு நண்டு! ஒவ்வொரு காலாக விடுவித்தேன், கடைசிக் காலை எடுக்கும்போது கொடுக்கால் கவ்வியது, அந்த 30 ரூபாய் கையுறை அன்று உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான். நாற்பது நிமிடம் ஆனது. வலை வெளியே வந்ததும் நான் போட்ட சத்தத்துக்கு ரோட்டில் போன டூரிஸ்ட் வேன் நின்றது. இப்படி ஒரு வலை கடலுக்குள் கிடந்தால் ஆமை, மீன் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டே இருக்கும், கேட்க ஆள் கிடையாது.

போன வாரக் கமெண்டில் ஒருவர், "மதுரைக்காரனுக்குக் கடலில் என்ன ஜோலி" என்று கேட்டிருந்தார். எங்கள் ஊரில் வைகை மேல் இருக்கிற யானைக்கல் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். அந்தக் குப்பை எங்கே போகும்? வைகைத் தண்ணீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடும். வெள்ளம் வருகிற வருஷம் ஆற்றங்கரை என்கிற ஊர்ப் பக்கம் போய்க் கடலில் சேரும். அப்போது நம்ம ஊர் கேரி பேக்கும் கூடவே போகும்.

அடுத்து கடல் ஆமை வீடியோ. பங்குனி ஆமை முட்டை போடுகிற சீசன் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. தன்னார்வலர்கள் வனத்துறையோடு சேர்ந்து ராத்திரி கரையோரம் நடந்து, குழியைக் கண்டுபிடித்து, முட்டையைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும், பொரிக்க 45 முதல் 60 நாள். சென்னையில் மாணவர்கள் 1988-லிருந்து இப்படி நடக்கிறார்கள், அங்கே இருப்பவர்கள் சேர்ந்துகொள்ளலாம். டார்ச்சையும் ஃபோன் லைட்டையும் அடிக்கக் கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் பக்கம் திரும்பும், நம் லைட்டைப் பார்த்தால் ரோட்டுக்கு வந்துவிடும். அதனால் அந்த வீடியோ இருட்டாகத்தான் இருக்கும், இப்போதே சொல்லிவிட்டேன், திட்டாதீர்கள். பாதி தூக்கத்தில் எழுந்து நடக்க முடியாது என்பவர்களுக்குப் பொங்கல் நேரத்துப் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. மதுரைக் கண்மாய்க் கரையில் நின்றே எண்ணலாம்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் இருக்கின்றன, அது கடல்வாழ் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. தன்னார்வலர் என்று சொன்னாலும் விட மாட்டார்கள், விடவும் கூடாது. இன்னொன்று, பவளப்பாறைத் துண்டை "சாமி ரூமில் வைக்க" என்று பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். செத்த துண்டுதானே என்று எடுத்தாலும் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள். என் சித்தி கேட்டார்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டேன், இன்னும் பேசவில்லை.

எடை சொல்ல மறந்தேன் பாருங்கள். மீன் தராசில் போட்டோம், வலை மட்டும் 23 கிலோ, மணலோடு.

ஊருக்கு வந்து பையைக் கொட்டினால் அண்ணன் கொடுத்த கருக்கருவாள் உள்ளே கிடக்கிறது. பஸ்ஸில் நாலு மணி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு சுத்தம் செய்கிற வேலை இருக்கிறதாம், அதற்குப் போய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும். வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கையுறை நான் கொண்டு வர மாட்டேன்.