எண்பத்திரண்டாம் நிமிடத்துக்குப் பிறகு

நேயர்களுக்கு வணக்கம். மூணாறு எஸ்டேட் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில், 2017 அக்டோபரில் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், கொலம்பியாவுக்கு எதிராக நம் அணி ஆடிய ஆட்டத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

போட்டியை நடத்தும் நாடு என்பதால் தகுதிச்சுற்று ஆடாமலே இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. டெல்லியில் முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 3-0 எனத் தோற்ற பிள்ளைகள், அக்டோபர் 9 அன்று கொலம்பியாவை முதல் பாதி முழுவதும் கோல் அடிக்க விடாமல் தடுத்து நிறுத்தினார்கள். பாதி முடியும் தறுவாயில் நம் திருச்சூர்ப் பையன் ராகுல் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாம் பாதியில் கொலம்பியா முந்தியது. 82ஆம் நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் எடுத்த கார்னர் கிக்கை, மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங் தலையால் முட்டிக் கோலாக்கினார். உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல் அது. ஆனால் அடுத்த நிமிடமே கொலம்பியா மீண்டும் கோல் அடித்து 2-1 என வென்றது.

கோல் அடித்த மகிழ்ச்சியில் கவனம் சிதறியது என்று பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கோல் அடித்தவுடன் எதிரணி முழு வேகத்தில் பாயும் என்பதையும், அப்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது. கடினமான ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப ஆடித்தான் அந்தப் பழக்கம் வரும். அந்த அணியினரில் பெரும்பாலோர் பின்னர் இந்தியன் ஏரோஸ் என்ற பெயரில், நாட்டின் தொழில்முறை அணிகள் மோதும் ஐ-லீக் போட்டியில் பெரியவர்களோடு ஒரு பருவம் முழுவதும் மோதினார்கள். 2018 ஆகஸ்டில் ஸ்பெயினில் நடந்த கோடிஃப் என்ற சர்வதேச இளையோர் போட்டியில், அவர்களில் சிலர் இடம்பெற்ற 20 வயதுக்குட்பட்டோர் அணி, பத்துப் பேராகக் குறைந்த பிறகும் தாக்குப்பிடித்து அர்ஜென்டினாவை 2-1 என வென்றது.

பழைய மூணாறு மைதானத்தில் தோட்டத் தொழிலாளர்கள் ஆடும் ஃபின்லே ஷீல்டு ஆட்டங்களைப் பார்த்தே லயம் எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழும் நம் பிள்ளைகள் பந்தைத் தொடுகிறார்கள். ஆனால் பள்ளிப் போட்டிகள் முடிந்துவிட்டால் அவர்களுக்கு ஆட்டமே இல்லை. ஆகவே 13, 15 வயதுப் பிரிவுகளில் எஸ்டேட்டுகளுக்கிடையே ஞாயிறுதோறும் ஆட்டம் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பந்துக்கும் நடுவருக்கும் பயிற்சியாளர்களாகிய நாங்கள் பொறுப்பேற்கிறோம். பிள்ளைகள் வந்துபோக ஜீப்புக்குப் பெற்றோர்கள் ஏற்பாடு செய்தால், மழை விட்டதும் தொடங்கிவிடலாம்.