மலாவி பயணத்துக்குச் சிச்சேவா: முதலில் ஒலி, பிறகு வாக்கியம்

[திரையில்: மலாவி வரைபடம்; லிலோங்வே, பிளான்டயர், மலாவி ஏரி]

வணக்கம். ஆப்பிரிக்க நாடான மலாவியில் ஓட்டல் வரவேற்பிலும் விமான நிலையத்திலும் ஆங்கிலம் போதும். சந்தைக்கும் மினிபஸ்ஸுக்கும் சிச்சேவா வேண்டும். எல்லை தாண்டி ஜாம்பியாவில் இதே மொழியை ஞாஞ்ஜா என்பார்கள். மலாவியிலும் 1968-இல்தான் சிச்சேவா என்ற பெயர் அரசு முறையில் வந்தது.

வாக்கியங்களை மனப்பாடம் செய்யும் முன் நாக்கைச் சரிசெய்வோம். தமிழ் பேசுகிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் ஒன்று, அது பல சொற்களில் வரும். ‘பகல்’ என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் உள்ள க தானாக மெலிகிறது. சிச்சேவாவில் அப்படி மெலியாது. நன்றிக்கான சொல்லைத் திரையில் ‘ஃஜிக்கோமோ’ என்று இரட்டித்து எழுதியிருக்கிறோம். க வல்லினமாகவே ஒலிக்க வேண்டும் என்பதற்கான குறி அது. ‘அக்கா’ போல அழுத்தி நிறுத்த வேண்டாம். ஃஜ என்பது தேனீயின் ரீங்காரம்: பல்லிடுக்கில் ஸ சொல்லிக்கொண்டே தொண்டையை அதிரவிடுங்கள்.

[திரையில்: வண்டி → ண்டி]

அடுத்து, ‘நான்’ என்பதற்கான ‘ண்டி’. தமிழில் எந்தச் சொல்லும் இப்படித் தொடங்காததால் பலரும் முன்னால் ஓர் இ சேர்த்து ‘இண்டி’ என்பார்கள். ‘வண்டி’ சொல்லுங்கள். இப்போது ‘வ’வை மனதுக்குள் மட்டும் சொல்லி, மிச்சத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். ண்டி. நாக்கை மடிக்காமல் மேல்பல்லின் ஈறில் தொட்டால் இன்னும் சரியாக இருக்கும்.

கடைசியாக ஒன்று: வாக்கியம் முடியும் இடத்தில், கடைசிக்கு முந்தைய அசையைச் சற்று நீட்டுங்கள். இதைச் செய்தாலே பேச்சு அந்த ஊர்ப் பேச்சுபோல விழும்.

[திரையில்: வணக்கம் சொல்ல]

மலாவியில் நலம் விசாரிக்காமல் விலையோ வழியோ கேட்பது மரியாதைக் குறைவு. பொதுவான கேள்வி ‘முலி ப்வாஞ்ஜி?’, எப்படி இருக்கிறீர்கள்? ‘ப்வா’வில் உள்ள ப, ‘பஸ்’ஸில் வரும் ப. பதில்: ‘ண்டிலி ப்வீனோ, கயா ஈனு?’ நலம், நீங்கள்? அந்த ‘கயா ஈனு’வை விடாதீர்கள், திருப்பிக் கேட்காமல் நிறுத்தினால் பேச்சு பாதியில் அறுந்ததுபோல இருக்கும். காலையில் ‘ம்வட்ஃஜுக்க ப்வாஞ்ஜி?’, எப்படி எழுந்தீர்கள் என்று பொருள். பிற்பகலில் ‘ம்வஸ்வெர ப்வாஞ்ஜி?’, பகல் எப்படிப் போனது என்று பொருள்.

‘முலி’யில் இருக்கும் ‘மு’ நம் ‘நீங்கள்’. அதே இடத்தில் ‘உலி ப்வாஞ்ஜி?’ என்றால் ‘நீ’ ஆகிவிடும். குழந்தைகளிடமும் நெருங்கிய நண்பர்களிடமும் மட்டும் அது பொருந்தும். கடைக்காரரை ‘பாம்போ’, அப்பா என்றும், பெண்ணானால் ‘மாயி’, அம்மா என்றும் விளிக்கலாம். நமக்கு இது புதிதே இல்லை.

[திரையில்: சந்தையில்]

‘ண்டலம ஃஜிங்காட்டி?’, பணம் எவ்வளவு? விலையை அநேகமாக ஆங்கில எண்ணிலேயே சொல்வார்கள். சிச்சேவா எண்கள் எண்ணப்படும் பொருளுக்கேற்ப முன்னொட்டு மாறுபவை. குறுகிய பயணத்துக்கு அவற்றைத் தள்ளிவைக்கலாம். குறைக்கச் சொல்ல: ‘ட்ஸிட்ஸனி பஙோனோ’, கொஞ்சம் இறக்குங்கள். இங்கே ‘ஙோ’வில் க ஒலி கலக்கக் கூடாது. ‘அங்ஙனம்’ என்பதில் வரும் ங தான் அது. பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியும் அதிகம் பயன்படாத அந்த எழுத்து இங்கே அப்படியே கைகொடுக்கிறது.

பணத்தின் பெயர் க்வாச்சா. ‘விடிந்தது’ என்று பொருள். அதில் நூறில் ஒரு பங்கு டம்பாலா, அதாவது சேவல். பணத்தையோ பொருளையோ வலக்கையால் கொடுத்து வாங்குங்கள். இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கினால் கூடுதல் மரியாதை.

[திரையில்: வழி, வண்டி]

‘கூட்டி?’ என்றால் எங்கே. ‘ச்சிப்பட்டல ச்சிலி கூட்டி?’, மருத்துவமனை எங்கே? ‘ம்ஸிக்க உலி கூட்டி?’, சந்தை எங்கே? பெயர்ச்சொல்லின் வகையைப் பொறுத்து ச்சிலி, உலி என்று நடுச்சொல் மாறுகிறது. குழம்பினால் அதை விட்டுவிட்டு ‘ம்ஸிக்க, கூட்டி?’ என்றாலும் புரிந்துகொள்வார்கள். மினிபஸ்ஸில் இறங்க: ‘ண்டிக்குட்ஸிக்க பானோ’, இங்கே இறங்குகிறேன். நிறுத்தம் கண்ணில் பட்டதுமே சொல்லிவிடுங்கள்.

[திரையில்: சாப்பாடு]

மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் களி, ‘ன்ஸீமா’. தொட்டுக்கொள்வதெல்லாம் ‘ண்டீவோ’, அது கீரையாகவும் இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம். சைவக்காரர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ‘ஸிண்டிட்ய ஞாமா’, இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று மட்டும் சொன்னால், மீன் வேறு கணக்கு என்று எடுத்துக்கொண்டு அது தட்டில் வரலாம். ‘ஸிண்டிட்ய ஞாம கப்பென ன்ஸோம்பா’ என்று மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள். தண்ணீருக்கு ‘ண்டிக்குஃபுன மாட்ஃஜி’. முன்னால் ‘ச்சோண்டே’, தயவுசெய்து. அந்தச் ச ‘பச்சை’யில் வருவது, ‘சோறு’ அல்ல.

உடம்பு சரியில்லை என்றால் ‘ண்டிக்குட்வாலா’. மலேரியா உள்ள நாடு இது. காய்ச்சல் கண்டால் இந்த ஒரு சொல்லோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

[திரையில்: விடைபெற]

கிளம்புகிறவர் ‘ட்ஸலனி ப்வீனோ’, நலமாக இருங்கள் என்கிறார். இருப்பவர் ‘பிட்டனி ப்வீனோ’, நலமாகப் போங்கள் என்கிறார். மாற்றிச் சொல்லிவிடுவீர்கள் என்று தோன்றினால் ‘டியொனானா’, பார்ப்போம்; அது இருவருக்கும் பொது.

டியொனானா.